விரிவுரை அரங்கில் கைத்தொலைபேசி வாக்கெடுப்பு: தொடரலாமா, நிறுத்தலாமா?

புள்ளியியல்_பாலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். பெரிய அரங்கு, படிப்படியாக மேலே போகும் இருக்கைகள். "கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் ஒரு கைகூட உயராது. வகுப்பு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். எல்லார் கையிலும் ஒரே சந்தேகம். அரங்கில் உட்கார்ந்திருந்த மற்ற எல்லாருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும், அவர்கள் கேட்காமலே எம்ஆர்டி ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

அதனால்தான் கைத்தொலைபேசி வாக்கெடுப்புக்கு வந்தேன். திரையில் ஒரு கியூஆர் குறியீடு, கேள்வி, நான்கு விடைகள். மாணவர்கள் தொலைபேசியில் அழுத்துகிறார்கள், முடிவு திரையில் பட்டை வரைபடமாக எழுகிறது. அடுத்த பருவத்திலும் இதைத் தொடரலாமா என்று துறையில் பேச்சு ஓடுகிறது. சிலர் வேண்டாம் என்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கொடுத்த விடையால் அடுத்த பத்து நிமிடப் பாடம் மாறுகிறது என்றால் வாக்கெடுப்பு வைக்கலாம். மாறாது என்றால் தொலைபேசியைப் பையைவிட்டு எடுக்கச் சொல்லவே கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஒரு நோய் 1,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 99 விழுக்காட்டினரைப் பரிசோதனை சரியாகக் காட்டிவிடும். நோய் இல்லாதவர்களில் ஒரு விழுக்காட்டினருக்கும் தவறாக "இருக்கிறது" என்று காட்டும். உங்களுக்கு "இருக்கிறது" என்று வந்துவிட்டது. உண்மையிலேயே நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஏஆர்டி செய்து பழகிய தலைமுறை, கேள்வி புரியாமல் இல்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் 99 விழுக்காட்டைத்தான் அழுத்துவார்கள்.

அந்தப் பட்டை எழும்போது நான் விடையைச் சொல்வதில்லை. "10,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். 10,000 பேரில் நோயாளிகள் 10 பேர், ஏறக்குறைய எல்லாரும் அகப்படுவார்கள். நோய் இல்லாத 9,990 பேரில் சுமார் 100 பேருக்குத் தவறாக வரும். ஆக, "இருக்கிறது" என்று வந்த 110 பேரில் உண்மை நோயாளி 10 பேர்தான். ஏறத்தாழ 9 விழுக்காடு. அரங்கில் சலசலப்பு கிளம்பும். மறுபடி வாக்கெடுப்பு வைத்தால் பட்டை வேறு பக்கம் சாயும். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள், 99 என்ற நம்பிக்கை மட்டும் உள்ளே அப்படியே இருந்திருக்கும்.

நீங்கள் மாணவராகவோ ஆசிரியராகவோ பார்த்ததை எழுதுங்கள். எதிர்க்கருத்துதான் எனக்கு அதிகம் தேவை.

தெம்பனிஸ்_நிலா எழுதியது:

சார், நான் மூன்றாம் ஆண்டு மாணவி. மாணவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கை தூக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பள்ளியிலிருந்தே தப்பான விடை சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சம், இங்கே சொல்வார்களே, "பைசே". அதிலும் கெட்டிக்கார மாணவர்கள் நிறைந்த அரங்கில் நான் மட்டும்தான் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும். பட்டை வரைபடத்தில் பாதிப் பேர் என்னைப் போலவே தப்பான விடையை அழுத்தியிருப்பதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் இருந்தவளிடம் "நீ எதைப் போட்டாய்?" என்றே கேட்டேன்.

ஆனால் நான் பார்த்த வாக்கெடுப்புகளில் பாதி வீண். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு சொற்கூட்டம் வரும், அதாவது பலர் எழுதிய சொல் திரையில் பெரிதாகத் தெரியும் படம். "தூக்கம்", "பசி" என்று போடுவோம், சிரிப்போம், அவ்வளவுதான். சில பாடங்களில் வாக்கெடுப்புக்குப் பங்கேற்பு மதிப்பெண் உண்டு. அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அரங்கில் இருக்கும் ஒருவர் குறியீட்டைப் படம் பிடித்து டெலிகிராம் குழுவில் போடுவார், விடுதியில் போர்வைக்குள் இருந்தபடி மற்றவர்கள் அழுத்துவார்கள். எங்கே எத்தனை பேருக்குப் புரிந்தது என்று விரிவுரையாளர் பார்க்கும் எண் அப்போதே பொய்யாகிவிடுகிறது.

பழைய_இயற்பியல் எழுதியது:

பாலா தம்பி, நல்ல இழை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பல காலம் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இது புதிய சங்கதி இல்லை என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இல் தொடங்கிய முறைதான் நீங்கள் செய்வது. அவருடைய மாணவர்கள் கணக்குகளையெல்லாம் சரியாகப் போட்டார்கள். கனரக லாரி சின்னக் காரில் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். இரண்டும் சமம் என்று நியூட்டனின் மூன்றாம் விதி சொல்கிறது, அதை மனப்பாடமாகச் சொல்லவும் தெரியும், ஆனால் மனம் லாரி பக்கம்தான் சாயும். அந்தத் தேர்வில் ஒரு மாணவி, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா?" என்று கேட்டாராம். அதைக் கேட்ட பிறகு விரிவுரையை உடைத்து, நடுநடுவே கேள்வி வைத்து, மாணவரை மாணவரோடு பேசவிட்டார்.

அவருடைய கணக்கு ஒன்று இன்றைக்கும் உதவும். முதல் சுற்றில் 30 முதல் 70 விழுக்காடு வரை சரியாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடு. 30-க்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களே அரங்கில் போதாது, நீயே மறுபடி விளக்கு. 70-க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்து விடு. பாலா தம்பியின் நோய்க் கேள்வியில் முதல் சுற்று 30-க்கும் கீழேதான் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் "10,000 பேரை எண்ணுங்கள்" என்று ஒரு கைப்பிடி கொடுத்துவிடுகிறார், அதனால் பேச்சு வேலை செய்கிறது. கைப்பிடி இல்லாமல் "பேசுங்கள்" என்றால், 99 என்று போட்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் உறுதிப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தொடக்க காலத்தில் இந்த முறைக்குக் கையில் தூக்கிக் காட்டும் அட்டைகளையும் பயன்படுத்தினார்கள். பிறகு கிளிக்கர் என்ற சின்னப் பொத்தான் கருவி வந்தது. வகுப்புக்கு முன்னால் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி எண்ண வேண்டும். மின்கலம் தீர்ந்திருக்கும், ஒன்றிரண்டு மாணவர் பையோடு வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் குறுஞ்செய்தி அனுப்பும் காலம். இப்போது எல்லார் பையிலும் கணினிக்குச் சமமான ஒன்று இருக்கிறது. கருவி மாறிக்கொண்டே வந்தது. நல்ல கேள்வி எழுதுவதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் கடினம். தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு மாணவன் உண்மையிலேயே நினைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு மாலை நேரம் முழுக்கப் போகும்.

இரவு_வகுப்பு எழுதியது:

நான் எதிர்க்கட்சி. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பட்டப்படிப்புப் படிக்கிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

ஆறரை மணிக்கு வேலையை முடித்துவிட்டு ஓடி வந்து உட்கார்கிறேன். தொலைபேசியை ஒலியில்லாமல் செய்து பைக்குள் ஆழமாகப் போட்டுவிடுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. விரிவுரையாளர் "எல்லாரும் தொலைபேசியை எடுங்கள்" என்கிறார். எடுக்கிறேன். மேலே மேலாளரின் வாட்ஸ்அப், கீழே மகளின் பள்ளியிலிருந்து அறிவிப்பு, நடுவில் கேள்வி. விடையை அழுத்த அரை நிமிடம் போதும். மேலாளரின் செய்தியை மனத்திலிருந்து இறக்கிவைக்க இருபது நிமிடம் ஆகிறது. "இப்போது உள்ளே வையுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் யார் வைக்கிறார்கள்? முன்வரிசையில் இருப்பவர் ஷாப்பியில் பொருள் வாங்கப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார், அவருடைய திரை பின்னால் இருக்கும் எனக்கும் தெரிகிறது.

கல்வி அமைச்சே 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கத் தொலைபேசியும் திறன்கடிகாரமும் கூடாது என்று சொல்லிவிட்டது. பள்ளியில் கவனம் சிதறும் என்றால் பல்கலைக்கழகத்தில் மட்டும் சிதறாதா?

புள்ளியியல்_பாலா எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன அரை நிமிடம், இருபது நிமிடக் கணக்கை நான் துறைக் கூட்டத்தில் அப்படியே எடுத்துவைக்கப் போகிறேன். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் இருக்கிறது.

வாக்கெடுப்புகளை அங்கங்கே தூவாமல் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம். விரிவுரையின் நடுவில் ஒருமுறை, அதோடு சரி. மடிக்கணினியை ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்கள் அதிலேயே இணையப் பக்கத்தைத் திறந்து அழுத்தலாம், தொலைபேசியைத் தொடவே வேண்டாம். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை, ஏனென்றால் நாங்கள் திரையில் கியூஆர் குறியீட்டை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டு முகவரியை ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிடுகிறோம். இருவருக்கு ஒரு கருவி என்றும் வைக்கலாம். பேசி ஒரு விடைக்கு வந்து ஒருவர் மட்டும் அழுத்தினால் போதும். உங்களைப் போன்றவர்கள் பையைத் திறக்கவே தேவையில்லை.

தெம்பனிஸ்_நிலா எழுதியது:

இருவருக்கு ஒரு கருவி நல்ல யோசனைதான் சார். ஆனால் முதல் சுற்றைத் தனித்தனியாகவே வையுங்கள். பேசிவிட்டு அழுத்தினால், குரல் பெரியவர் சொன்னதுதான் விடையாகும். என்னைப் போன்றவர்கள் தலையாட்டிவிடுவோம். இரண்டாம் சுற்றை வேண்டுமானால் சேர்ந்து செய்யலாம்.

மதுரைப்பெண்_பொறியியல் எழுதியது:

பெயர் மறைத்துக் கேள்வி அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்லைடோ, நம்ம ஊர் நிறுவனமான பிஜன்ஹோல் லைவ் போன்றவற்றில் மாணவர்கள் கேள்வி எழுதுவார்கள், மற்றவர்கள் அதற்கு விருப்பம் போட்டு மேலே ஏற்றுவார்கள். நன்றாக நடந்தால் மிகவும் பயன் தருவது இதுதான். எந்தச் சந்தேகம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கண்முன்னே தெரியும்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கற்பிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் அந்தப் பட்டியலில் என் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்து ஒரு வரி வந்தது. அரங்கின் பெரிய திரையில், எல்லார் முன்னாலும். சிலர் அதற்கு விருப்பமும் போட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். முன்வரிசையில் ஒரு மாணவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. துறையில் சொன்னபோது "கண்டுகொள்ளாதீர்கள்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு உதவவில்லை.

இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். கேள்விகள் நேராகத் திரைக்குப் போகாது, முதலில் என் உதவி ஆசிரியரின் பார்வைக்கு வரும், அவர் அனுமதித்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியும். இந்த வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது, ஆனால் நாம்தான் போய் இயக்க வேண்டும். இரண்டாவது, சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாது, எனக்குத் தெரியும் என்ற ஏற்பாடு. இதைப் பருவத்தின் முதல் வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பின்னால் ரகசியமாகப் பார்ப்பது நம்பிக்கைத் துரோகம். அப்படிச் செய்யவே கூடாது.

உச்சரிப்பு உண்மையிலேயே புரியவில்லை என்றால் அதைச் சொல்லவும் மாணவருக்கு வழி வேண்டும். "இன்று நான் பேசிய வேகம் எப்படி?" என்று நானே கேட்கிறேன். "மெதுவாகப் பேசினால் நல்லது" என்று வரும். அது கேலி இல்லை, எனக்குத் தேவையான தகவல்.

இரவு_வகுப்பு எழுதியது:

படிக்கவே மனம் கனக்கிறது தங்கச்சி. கண்டுகொள்ளாதீர்கள் என்று சொன்னவர்கள் உங்கள் இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

உமறுப்புலவர்_சாலையோரம் எழுதியது:

நான் தமிழாசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் வகுப்பில் விடை தமிழில் வர வேண்டும். அங்கேதான் செயலிகள் காலை வாருகின்றன.

சொற்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லைப் பலர் போட்டால் அது பெரிதாகத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நடக்கும். தமிழில் ஒருவர் "மகிழ்ச்சி" என்று போடுவார், இன்னொருவர் "மகிழ்ச்சியாக", மூன்றாமவர் "மகிழ்ச்சிதான்". கருவிக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு சொற்கள். வகுப்பே ஒரே கருத்தில் இருந்தாலும் திரையில் சின்னச் சின்ன எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். அதனால் சொற்கூட்டத்தை விட்டுவிட்டேன், நான்கு விடைக் கேள்விக்கே போய்விடுகிறேன்.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் இதற்கென்றே பிறந்த பாடம். "தண்ணீர் குடித்தான்" சரியா, "தண்ணீர்க் குடித்தான்" சரியா? "தண்ணீர்க் குடம்" என்று எழுதிப் பழகிய கை இரண்டாவதை அழுத்தும். "தண்ணீரைக் குடித்தான்" என்பதில் ஐ வெளிப்படையாக இருப்பதால் மிகுகிறது, "தண்ணீர் குடித்தான்" என்பதில் அந்த ஐ மறைந்திருப்பதால் மிகாது. பயிற்சி ஆசிரியர்களான எங்களிடையேயே பட்டை இரண்டாகப் பிரிந்தது. பேசத் தொடங்கியதும் ஒவ்வொருவரும் பள்ளியில் என்ன காரணம் கேட்டார்கள் என்பது வெளியே வந்தது. பலர் காரணமே கேட்டதில்லை, "காதுக்கு எது சரியாக ஒலிக்கிறதோ அதைப் போடு" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

நாளை பள்ளிக்குப் போனால் மாணவர் கையில் தொலைபேசி இருக்காது. அதற்கு பிளிக்கர்ஸ் என்ற வழி இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு காகித அட்டை, அதில் சதுரமாக ஒரு குறியீடு. எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் தன் தொலைபேசிக் கேமராவை வகுப்பின்மேல் ஒருமுறை ஓட்டினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். ஒருவரின் அட்டையைப் பார்த்து இன்னொருவர் காப்பியடிக்கவும் முடியாது, ஏனென்றால் குறியீடு ஆளுக்கு ஆள் வேறு. இரவு வகுப்பு அக்கா கேட்டதற்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் மாலை வகுப்பு சின்னதாகத்தானே இருக்கும்?

பழைய_இயற்பியல் எழுதியது:

அட்டைக்கே திரும்பி வந்துவிட்டோம் பாருங்கள். நல்லதுதான்.

தமிழ் உள்ளீட்டைப் பற்றி ஒன்று. கணினியில் தமிழ் எப்படி ஓட வேண்டும் என்று உட்கார்ந்து பேசியதே இந்த ஊரில்தான். தேசிய கல்விக் கழகத்தில் இருந்த நா. கோவிந்தசாமி 1997-இல் இங்கே தமிழ்நெட் மாநாட்டை நடத்தினார். 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் சிங்கப்பூரில்தான். விசைப்பலகையில் அன்றைக்கு நடந்த வாதங்களின் பலனை இன்று பிள்ளைகள் தொலைபேசியில் அனுபவிக்கிறார்கள். செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொண்டால் விடை எழுத நேரம் ஆகாது. சொற்கூட்டம் செய்பவர்கள் தமிழின் விகுதிகளைக் கழற்றிப் பார்க்கும்படி செய்யவில்லை என்றால், அது தமிழின் குறை இல்லை. யாராவது இளைஞர் செய்து கொடுக்க வேண்டும்.

தெம்பனிஸ்_நிலா எழுதியது:

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். பருவ முடிவில் பாடத்தைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் இணையத்தில் கருத்துப் படிவம் வரும். நான் அதில் மனம் விட்டு எழுதியிருக்கிறேன். என்ன பயன்? நோயைச் சொன்னவன் ஒருவன், மருந்து அடுத்த வருடம் வருகிற வேறொருவனுக்கு. நாங்கள் அந்தப் பாடத்தை முடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

மதுரைப்பெண்_பொறியியல் எழுதியது:

நிலா சொல்வது நூற்றுக்கு நூறு. நான் பருவத்தின் நடுவில் வரும் விடுமுறை வாரத்துக்கு முன் ஒரு படிவம் அனுப்புகிறேன். இரண்டே கேள்வி. எது உதவுகிறது, எதை மாற்ற வேண்டும். தொலைபேசியிலேயே வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதச் சொல்வேன், வீட்டுக்குப் போய் எழுதச் சொன்னால் வராது. விடுமுறை முடிந்து வரும் முதல் வகுப்பில் திரையில் போட்டுக் காட்டுவேன்: இதைச் சொன்னீர்கள், இதை மாற்றுகிறேன். இதைச் சொன்னீர்கள், இதை மாற்ற முடியாது, காரணம் இது. மாற்ற முடியாததற்கும் காரணம் சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் அடுத்த முறை எழுத மாட்டார்கள்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் "இன்று எது தெளிவாகவில்லை?" என்று ஒரே வரி கேட்பதும் உண்டு. ஹார்வர்டில் பிரெடெரிக் மாஸ்டெல்லர் என்ற புள்ளியியலாளர் இதை 1980-களில் காகிதத் துண்டில் செய்தார். பாலா சார் துறைக்காரர்தான். அவர் செய்தது போலவே, வந்ததைத் தொகுத்து அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இரவு_வகுப்பு எழுதியது:

இதை நான் ஏற்கிறேன். கடைசி ஐந்து நிமிடம் என்றால் தொலைபேசியை எடுத்தாலும் நட்டமில்லை, எப்படியும் பேருந்து நேரம் பார்க்க எடுக்கத்தான் போகிறேன். நடுவில் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. அட்டை என்றால் நடுவிலும் சரி.

புள்ளியியல்_பாலா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துறைக் கூட்டத்தில் நான் வைக்கப்போவதை இங்கேயே எழுதிவிடுகிறேன், தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

பங்கேற்பு மதிப்பெண்ணை எடுத்துவிட வேண்டும். மதிப்பெண் இருக்கும்வரை விடுதிப் போர்வைக்குள்ளிருந்து விடை வந்துகொண்டே இருக்கும், எனக்குத் தேவை அரங்கில் இருப்பவருக்குப் புரிந்ததா என்பது மட்டும்தான். விரிவுரைக்கு நடுவில் ஒரு கேள்வி, முதல் சுற்று தனியாக, அடுத்தது பேசிவிட்டு. இணைய முகவரி கியூஆர் குறியீட்டுக்குச் சமமான அளவில் திரையில் இருக்கும். எழுத்தில் வரும் கேள்விகள் உதவி ஆசிரியர் பார்த்த பிறகே திரைக்கு வரும். இதில் துறை பின்வாங்கினால் எழுத்துக் கேள்வியையே நான் வைக்க மாட்டேன். பெயர் யாருக்குத் தெரியும், விடைகள் எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பது முதல் வகுப்பில் சொல்லப்படும். சின்னக் குழுவாக நடக்கும் டியூட்டோரியல் அறைகளில் அட்டையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கேள்விகளைத் துறை முழுக்கப் பகிர்ந்துகொள்ளவும் கேட்கப் போகிறேன். ஒருவர் ஒரு மாலை முழுக்கச் செலவழித்து எழுதிய கேள்வியை இன்னொருவர் மறுபடி முதலிலிருந்து எழுதுவதில் அர்த்தமில்லை. அதை எதிர்ப்பார்கள் என்று நினைக்கிறேன், பார்ப்போம்.

உமறுப்புலவர்_சாலையோரம் எழுதியது:

சார், நடுப்பருவப் படிவம் உங்கள் பட்டியலில் இல்லையே?

புள்ளியியல்_பாலா எழுதியது:

சேர்த்துவிட்டேன். விடுமுறை வாரத்துக்கு முந்தைய கடைசி விரிவுரை, கடைசி ஐந்து நிமிடம், மதுரைப்பெண் சொன்ன அதே இரண்டு கேள்விகள். உங்கள் வல்லினக் கேள்விகளையும் அனுப்பி வையுங்கள். தமிழ்ப் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்கிறார்.